செக்குக்குள் போனதும் வெளியே வந்ததும்

திண்டிவனத்தின் பெயர் தென்னிந்தியாவின் மணிலா (மல்லாட்டை என்றும் சொல்லும் நிலக்கடலை) வயல்கள் எங்கும் நடமாடுகிறது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், ஊர்ப் பெயரின் சுருக்கம் அது. 1940-ல் வந்த டி.எம்.வி. 2 ரகத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் விடாமல் விதைத்தார்கள். 1967-ல் டி.எம்.வி. 7 வந்தது. எந்த ரகத்தில் உடைத்தால் எவ்வளவு பருப்பு தேறும், பருப்பில் எத்தனை விழுக்காடு எண்ணெய் இருக்கும் என்பதையெல்லாம் அந்த நிலையம் அளந்து எழுதி வைத்திருக்கிறது.

அதே ஊரில் மல்லாட்டை ஆட்டும் ஒரு மரச்செக்குக்காரரிடம் போய், "நூறு கிலோ பருப்பு போட்டா எவ்வளவு எண்ணெய் இறங்குதுங்க?" என்று கேளுங்கள். "சுமாரா நாப்பது" என்பார். விழுப்புரத்தில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தச் 'சுமாரா'வுக்குள் அவருடைய மாத லாபத்தில் பெரும்பகுதி மறைந்து கிடக்கிறது. சிறுதொழிலின் நடைமுறையைச் சோதித்துத் திருத்துவது என்றால் என்ன என்பதை இந்தச் செக்கை வைத்தே சொல்லிவிடலாம். தொழில் வேறாக இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

முதல் சோதனைக்கு ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். காலையில் செக்கில் கொட்டும் பருப்பை எடை போட்டு எழுதுங்கள். மாலையில் இறங்கிய எண்ணெயை எடை போடுங்கள். பிண்ணாக்கையும் எடை போடுங்கள். இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நல்ல மணிலாப் பருப்பில் ஏறக்குறைய 48 விழுக்காடு எண்ணெய் உண்டு. மரச்செக்கால் அத்தனையையும் பிழிய முடியாது. ஒரு பங்கு பிண்ணாக்கில் தங்கியே தீரும். 100 கிலோவில் 41 கிலோ எண்ணெயும் 56 கிலோ பிண்ணாக்கும் வந்தால், மீதி 3 கிலோ ஈரமாகவும் தூசியாகவும் போயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்ந்து 92 கிலோதான் வருகிறது என்றால், 8 கிலோ எங்கே போனது என்று தேட வேண்டும். தரையில் சிந்தியதா, வாங்கும்போதே எடை குறைந்ததா, பருப்பு ஈரமாக இருந்ததா, எண்ணெய் கணக்கில் ஏறாமல் வெளியே போனதா? இவற்றில் எதுவானாலும் எடை போடாதவரை கண்ணில் படாது.

இன்னொரு வகை இழப்பு இதைவிட நுட்பமானது. மொத்த எடை சரியாக 97 வருகிறது, ஆனால் எண்ணெய் 38, பிண்ணாக்கு 59. எதுவும் காணாமல் போகவில்லை. எண்ணெயாக விற்க வேண்டிய 3 கிலோ, பிண்ணாக்கின் விலைக்கு மாட்டுத் தீவனமாகப் போய்விட்டது. கணக்குக்காக எண்ணெய் கிலோ 260 ரூபாய், பிண்ணாக்கு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 215 ரூபாய் இழப்பு. நாளைக்கு 100 கிலோ வீதம் மாதம் 25 நாள் ஆட்டுகிற செக்கில் 75 கிலோ எண்ணெய், அதாவது 16,125 ரூபாய். ஓர் ஆளின் மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் தொகை இது. இந்தப் பணம் கிடைக்கப் புது வாடிக்கையாளர் ஒருவரும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். உலக்கை தேய்ந்திருக்கிறதா, பளு போதுமா, ஓர் ஈடு (ஒரு முறை பருப்பு போட்டு ஆட்டுவது) முழுநேரம் ஓடுகிறதா, கூட்டம் நிற்கிற நேரத்தில் அவசரமாக இறக்கிவிடுகிறார்களா என்று பார்த்தால் காரணம் அகப்பட்டுவிடும்.

எடையை ஈடு வாரியாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். நாள் முழுவதற்கும் ஒரே எண் எழுதினால் காலை ஈடும் மாலை ஈடும் கலந்துவிடும். தனித்தனியாக எழுதினால் மதியம் இரண்டு மணி ஈட்டில் மட்டும் எண்ணெய் குறைகிறது என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். அது ஆள் மாறும் நேரமா, வேறு மூட்டை பிரிக்கும் நேரமா என்று பிறகு விசாரிக்கலாம்.

கிலோவா லிட்டரா என்ற குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். பாட்டிலில் ஒரு லிட்டர் என்று ஒட்டிவிட்டு, தராசில் ஒரு கிலோ வைத்து நிரப்பினால், பத்து பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் சும்மா போகிறது. மாறாக, கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் அளந்தால் வாடிக்கையாளர் ஏமாறுகிறார். அது தொழிலுக்கும் நல்லதல்ல, சட்டத்துக்கும் ஒவ்வாது. எண்ணெய் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால், சமையல் எண்ணெய்ப் பொட்டலங்களில் வெப்பநிலையைக் குறிக்காமல் அளவையும் அதற்கான எடையையும் சரியாக அச்சிடும்படி ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே எடைதான் நம்பகமான கணக்கு.

இனி கொள்முதல். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை எல்லோரும் 'கமிட்டி' என்றே சொல்கிறார்கள். பருப்பு 80 கிலோ மூட்டைக் கணக்கில் விலை போகும். அனுபவமுள்ள வியாபாரி காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். பருப்பு உள்ளே கலகலத்தால் காய்ந்தது. பருப்பைக் கையில் தேய்த்துத் தோல் உரிகிறதா என்று பார்ப்பார், பல்லில் கடித்துப் பார்ப்பார். இந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் 6 விழுக்காடு ஈரத்துக்கும் 8 விழுக்காடு ஈரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பல் சொல்லாது. 8 விழுக்காடு ஈரமுள்ள 80 கிலோ மூட்டையைக் காயவைத்து 6-க்குக் கொண்டுவந்தால் 78.3 கிலோ இருக்கும். கிலோ நூறு ரூபாய் என்றால் மூட்டைக்கு 170 ரூபாய் கொடுத்துத் தண்ணீரை வாங்கியிருக்கிறோம். மாதம் 31 மூட்டைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆகிறது. ஓர் ஈரப்பதமானி வாங்கும் செலவை இதோடு ஒப்பிட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

ஈரத்தால் வரும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. ஈரமான மணிலாவில் பூஞ்சை பிடிக்கும்; அதிலிருந்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது கல்லீரலைக் கெடுக்கும். மரச்செக்கு எண்ணெயைச் சுத்திகரிக்காமல் விற்கிறோம் என்பதே நம் பெருமை. அப்படி விற்பவருக்குப் பூஞ்சைப் பருப்பைப் பொறுக்கி எறியும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாக உண்டு. பொறுக்கும் பெண்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி கொடுத்தால் வேகம் கூடும், கவனம் குறையும். நாள் கூலியே இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

அடுத்த கேள்வி: வேலை எங்கே தேங்குகிறது? ஆட்டு முடிந்த எண்ணெயை உடனே பாட்டிலில் அடைக்க முடியாது. சில நாள் வைத்துத் தெளியவிட்டு, அடியில் கசடு இறங்கிய பிறகு மேலே உள்ளதை வடிக்க வேண்டும். நாளைக்கு 41 கிலோ இறங்கும் செக்கில் நான்கு நாள் தெளிய வைத்தால் 164 கிலோவுக்குப் பாத்திரமும் இடமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் நான்கு நாள் ஏழு நாளானால் 287 கிலோவுக்கு இடம் வேண்டும். பாத்திரம் நிரம்பிவிட்டால் செக்கை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்தில் கடன் வாங்கி இரண்டாவது செக்கு போட்டால் என்ன ஆகும்? தேக்கம் இரட்டிப்பாகும், விற்பனை அப்படியே இருக்கும். தெளியவைக்கும் டிரம் இரண்டு வாங்கியிருந்தால் போதும்.

எந்த இடத்துக்கு முன்னால் சரக்கு குவிந்து காத்துக்கிடக்கிறதோ அந்த இடம்தான் மொத்த உற்பத்தியையும் தீர்மானிக்கிறது. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியிட்ட 'தி கோல்' நாவல் முழுக்க இந்த ஒரு கருத்தைத்தான் சொல்கிறது. அதற்கு முன்பே இதை வேலையில் செய்து காட்டியவர் நம் தமிழகத்து மருத்துவர். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவையில் கிடைப்பதற்கு அரியது அறுவை மருத்துவரின் நேரம். ஆகவே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளியை இன்னொரு மேசையில் செவிலியர்கள் தயார்செய்து வைத்திருப்பார்கள். மருத்துவர் திரும்பினால் போதும். தயார்செய்வது, துடைப்பது, கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் கையில் இருந்தன. பணம் கொடுக்க முடியாத ஏராளமானோருக்கு இலவசமாகப் பார்வை கொடுத்தும் அந்த நிறுவனம் தன் வருமானத்திலேயே நிற்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். 2003-ல் புதுச்சேரியில் அதன் மருத்துவமனை வந்தபின் விழுப்புரம் மாவட்டத்து முதியவர்கள் எத்தனையோ பேர் அங்கே போய் வந்திருக்கிறார்கள். அவர்கள் படுத்த அந்த மேசைகளின் ஏற்பாட்டை நம் பட்டறையிலும் செக்கிலும் பின்பற்ற முடியும். அரிதாக இருப்பது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். செக்கா, தெளியவைக்கும் பாத்திரமா, பாட்டில் நிரப்பும் ஆளா? கண்டபின் அது ஒரு நிமிடமும் வெறுமனே நிற்காதபடி மற்றதைச் சுற்றிலும் அடுக்குங்கள்.

கூலிக்கு ஆட்டக் கொண்டுவருபவர்கள் விஷயத்தில் அரிதானது அவர்களுடைய நேரம். மயிலம் பக்கத்திலிருந்தும் செஞ்சி பக்கத்திலிருந்தும் காலைப் பேருந்தில் மூட்டையோடு வந்து இறங்குகிறவர் மாலைக்குள் எண்ணெயோடு வீடு திரும்ப வேண்டும். பதினோரு மணிக்கு ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், மூன்று மணிக்குச் செக்கு சும்மா நிற்கிறது. தொலைபேசியில் முன்பதிவு வைத்து நேரம் பிரித்துக் கொடுத்தால் அதே செக்கில் கூடுதல் ஆட்டு ஓடும். காத்திருக்கிறவர்களுக்கு நிழலும் உட்கார ஒரு பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வைப்பது இதோடு சேர்ந்த மரியாதை.

இவற்றையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கிய தைய்ச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, மேலாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்து, நடப்பதைப் பார்க்கச் சொல்வாராம். உரிமையாளர் ஒரு நாள் காலை செக்கருகே ஒரே இடத்தில் பேசாமல் நின்று பார்க்கட்டும். ஆட்டுகிற ஆள் ஒவ்வொரு ஈட்டுக்கும் தராசுக்காக அந்த மூலைக்கு எத்தனை முறை நடக்கிறார்? பாட்டில் மூடி எங்கே இருக்கிறது என்று எத்தனை முறை கேட்கிறார்கள்? கரண்ட் போனால் யார் என்ன செய்கிறார்கள்? தராசைச் செக்கருகே நகர்த்துவதற்குச் செலவே இல்லை.

பார்க்கும்போது குற்றம் தேடும் கண்ணோடு நிற்கக் கூடாது. செக்கோடு பத்து வருடம் வாழ்ந்தவருக்கு அதன் சத்தத்திலேயே கோளாறு தெரியும். "அண்ணே, இந்த ஈடு ஏன் குறைஞ்சிருக்கு?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் சொல்வார். எடை நோட்டை அவரைத் தண்டிக்க ஒரு முறை பயன்படுத்திவிட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து எல்லா ஈட்டிலும் 41 என்றே எழுதப்பட்டிருக்கும், நோட்டு செத்துவிடும். எண்ணெய் கூடியதால் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பதை நான் செலவாக நினைக்க மாட்டேன். அந்த எண்ணெயை இறக்கியது அவர் கை.

பணம் எங்கே தேங்குகிறது என்பது அடுத்த சோதனை. சரக்கு தேங்குவது கண்ணுக்குத் தெரியும், பணம் தேங்குவது தெரியாது. அதனால் நாள் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். வாங்கிய பருப்பு கிடங்கில் 20 நாள், ஆட்டித் தெளிந்து அடைக்க 5 நாள், பாட்டிலாக அலமாரியில் 10 நாள், விற்ற கடைக்காரர் பணம் தர 30 நாள். மொத்தம் 65 நாள். நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பருப்பு ஆட்டினால் ஆறரை லட்சம் ரூபாய் எப்போதும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. பத்து நாள் குறைத்தால் ஒரு லட்சம் கைக்கு வரும். அந்த லட்சம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியதாக இருந்தால் மாதம் இரண்டாயிரம் மிச்சம். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி அடுக்குவது நல்ல யோசனைதான். ஆனால் விலை ஏறும் அளவும், கொடுக்கும் வட்டியும், ஈரத்திலும் வண்டிலும் போகும் எடையும் ஒரே தாளில் எழுதப்பட்ட பிறகே அதை முடிவு செய்ய வேண்டும்.

கடைக்காரர்களிடம் பாக்கி கேட்கச் சிறு உற்பத்தியாளர்கள் கூசுகிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, உத்யம் என்ற ஒன்றிய அரசின் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தது: கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. புதுச்சேரியிலோ சென்னையிலோ பெரிய கடைக்குச் சரக்கு போடும்போது, விலைச்சீட்டிலேயே உத்யம் எண்ணையும் கெடு நாளையும் அச்சிடுங்கள். சண்டை போடாமலேயே பாதி வேலை நடக்கும்.

கிடங்கைப் பற்றிச் சுருக்கமாக. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தரையில் மூட்டை அடுக்கியவர்கள் என்ன இழந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மரக்கட்டைச் சட்டங்கள் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவதும், சரக்குக்குக் காப்பீடு எடுப்பதும் ஐப்பசிக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள்.

குடும்பத் தொழில்களில் எப்போதும் விட்டுப்போகும் கணக்கு ஒன்று உண்டு: வீட்டார் உழைப்பு. கணவர் கொள்முதலுக்கு அலைகிறார், மனைவி பாட்டில் நிரப்பிக் கணக்கு எழுதுகிறார், கல்லூரி முடித்த பையன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வண்டியில் சரக்கு கொண்டுபோகிறான். மூவருக்கும் சம்பளம் இல்லை. வேண்டியபோது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இப்படியிருந்தால் செக்கு லாபத்தில் ஓடுகிறதா, மூவரின் கூலியைத் தின்று ஓடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மூவருக்கும் வெளியே கிடைக்கக்கூடிய சம்பளத்தை எழுதி, மாதம் ஒரு தேதியில் எடுத்துக்கொண்டு, மற்ற நாளில் கல்லாவைத் தொடாமல் இருக்கட்டும். மனைவியின் பெயரும் அந்தத் தாளில் தொகையோடு இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பல குடும்பங்களில் தொழிலைத் தாங்குகிற உழைப்பு அவருடையது, கணக்கில் இல்லாததும் அதுவே. அவர் மகனோடு உட்கார்ந்து எழுதினால், பத்து பாட்டிலுக்காக 40 கிலோமீட்டர் போவதன் செலவும் வெளியே வரும்; வாரத்தில் இரண்டு நாள் என்று சேர்த்து அனுப்பலாம் என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள்.

செக்கு இல்லாதவர்களுக்கும் இதே முறைதான். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தருகே டிபன் கடை வைத்திருப்பவர், ஒரு கிலோ அரிசி மாவில் எத்தனை இட்லி வெந்து எத்தனை இட்லிக்குப் பணம் வந்தது என்று எழுதட்டும். தையல் கூடத்தில் துணி மீட்டரும் முடிந்த உருப்படியும், அச்சகத்தில் ரீம் தாளும் ஒப்படைத்த நோட்டீஸும். உள்ளே போனது, வெளியே வந்தது, நடுவே காத்திருந்த நேரம், திரும்பி வந்த பணம். இந்த நான்கைத் தாண்டி முதல் மாதத்தில் எதையும் அளக்க வேண்டாம். அதிகம் அளக்கத் தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து உதவி வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் தொடங்குங்கள். ஒன்றிய அரசின் சிறுதொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் அறிவித்த லீன் திட்டத்தில், வீண்செலவைக் குறைக்க வழிகாட்டும் ஆலோசகரின் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அரசே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. தரச்சான்றுக்கான ஜெட் திட்டம் 2022-ல் புதுப்பிக்கப்பட்டபோது, குறு நிறுவனங்களுக்குச் சான்றுக் கட்டணத்தில் 80 விழுக்காடு மானியம் வைத்தார்கள். இரண்டுக்கும் உத்யம் பதிவு அவசியம். இப்போதைய விதிகளை மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். வருகிற ஆலோசகர் முதலில் கேட்பது கடந்த மாத எண்களைத்தான். ஈடு வாரியாக எழுதிய நோட்டு கையில் இருந்தால், அவர் முதல் நாளையே எந்த ஈட்டில் எண்ணெய் குறைகிறது என்பதிலிருந்து தொடங்க முடியும்.